நேப்பிள்ஸில் மட்டும் பாட மாட்டேன்!

1920, டிசம்பர் 11. நியூயார்க், புரூக்ளின் பகுதியில் இருக்கும் 'அகாடமி ஆஃப் மியூஸிக்' அரங்கம் நிரம்பி வழிகிறது. மேடையில் ஓர் இத்தாலிய கிராமம். கிராமத்து அசடு ஒருவன் வசதியான வீட்டுப் பெண்ணைக் காதலித்து உருகிக் கொண்டிருக்கிறான். அந்த அசடாக நடித்துப் பாடுபவருக்கு வயது 47. லேசான தொப்பை. அன்றைய தேதியில் உலகிலேயே புகழ்பெற்ற பாடகர். பெயர், என்ரிகோ கரூஸோ.

பாட்டுக்கு நடுவே கரூஸோ முகத்தைத் திருப்பிக் கொண்டு வாயைக் கைக்குட்டையால் துடைத்துக் கொள்கிறார். மறுபடி பாடுகிறார். மறுபடி துடைக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி டோரதிக்குத்தான் முதலில் உறைத்தது. கைக்குட்டை வெள்ளையாக இல்லை, சிவப்பாக இருந்தது!

தொண்டையிலிருந்து ரத்தம். கைக்குட்டை நனைந்ததும் அதைப் போட்டுவிட்டு, கோரஸ் பாடுகிறவர்கள் ரகசியமாக நீட்டிய வேறொரு துணியை வாங்கிக் கொண்டார். அதுவும் நனைந்தது. இன்னொன்று... இன்னொன்று... வரிசையாகத் துணிகள் கை மாறிக் கொண்டே இருக்க, மனிதர் முதல் அங்கம் முடியும் வரை பாடித் தீர்த்தார்! பிறகு 'தொடரலாமா?' என்று கேட்டபோது, 'வேண்டாம், வேண்டாம்!' என்று அரங்கமே கத்தியது. அதற்கப்புறம்தான் நிறுத்தினார்கள்.

பணமா? மூட்டை மூட்டையாக இருந்தது. புகழா? அதற்கு மேல் ஒருவர் அடைய முடியாது. ரத்தம் வந்ததும் உள்ளே போய்ப் படுத்திருந்தால் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு ஏன் பாடினார்?

இதற்கு பதில் தேட, அந்த இரவிலிருந்து பத்தொன்பது வருடங்கள் பின்னால் போக வேண்டும். அன்றைக்கும் இதே நாடகம்தான். இதே அசட்டு கிராமத்தான் வேஷம்தான். ஊர் மட்டும் வேறு. அவர் பிறந்த ஊர்!

அங்கே போவதற்கு முன் ஆபரா பற்றி இரண்டு வரி. வசனமெல்லாம் பாட்டாகவே இருக்கும் நாடகம் அது. ஆண் குரல்களில் மேல் ஸ்தாயியில் பாடுகிறவர் 'டெனர்', நடுவில் 'பாரிடோன்', அடியில் 'பாஸ்' (நாம் 'பேஸ் வாய்ஸ்' என்கிறோமே, அதேதான்). பொதுவாக காதலன் வேஷம் டெனருக்குப் போகும். வில்லன், அப்பா, பூசாரியெல்லாம் மற்ற இருவருக்கு. முக்கியமான விஷயம், மைக் கிடையாது. எதிரே அறுபது, எழுபது வாத்தியங்கள் முழங்க, அதைத் தாண்டி மூவாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கின் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். தொண்டையும் நுரையீரலும் மட்டுமே ஆயுதம்.

கரூஸோ பிறந்தது 1873, பிப்ரவரி 25-ம் தேதி. இத்தாலியின் தெற்கே நேப்பிள்ஸ் நகரத்தில், ஏழைகள் நெருக்கியடித்து வாழும் ஒரு சந்து. அப்பா மார்செலினோ தொழிற்சாலை மெக்கானிக். அம்மா அன்னா. 'இருபத்தியொரு குழந்தைகளில் பதினெட்டாவது குழந்தை கரூஸோ. அதற்கு முன் பிறந்த பதினேழும் செத்துப் போயின' என்று பல புத்தகங்களில் படிக்கலாம். பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் பிறப்பு - இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால், மொத்தம் ஏழு குழந்தைகள்தான்! கரூஸோ மூன்றாவது. ஏழில் பிழைத்து வளர்ந்தவை மூன்று. அந்த உண்மையே போதுமான அளவுக்குச் சோகம். அதை எதற்கு மூன்றால் பெருக்கினார்களோ, தெரியவில்லை.

பத்து வயதுக்குப் பிறகு பையனை அப்பா தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார். அம்மாவுக்குத்தான் அவன் குரல் மேல் ஒரு நம்பிக்கை. சர்ச்சில் பாட அனுப்பினார். பையனுக்குப் பதினைந்து வயதானபோது அம்மா இறந்து போனார். அதன் பிறகு தெருக்களிலும் காபி கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் பாடிக் காசு பார்த்தான். பதினெட்டு வயதில், உல்லாசப் பயணிகள் வரும் கடற்கரை விடுதி ஒன்றில் பாடிக் கிடைத்த பணத்தில்தான் வாழ்க்கையில் முதன்முதலாகப் புத்தம் புது ஷூ வாங்கினான்.

கரூஸோவின் இளம் வயதுப் புகைப்படம் ஒன்று உண்டு. ரோமானியச் செனட்டர் மாதிரி தோளில் ஒரு துணியைப் போர்த்திக் கொண்டு கம்பீரமாகப் பார்ப்பார். 'ஆகா, என்ன கலைநயம்' என்று நினைத்தால் ஏமாந்து போவோம். இருந்த ஒரே சட்டை சலவைக்குப் போயிருந்தது. அது படுக்கை விரிப்பு!

குரலும் ஆரம்பத்தில் ஒன்றும் பிரமாதமாக இல்லை. அவருக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்த வெர்ஜினே என்ற வாத்தியார், ஜன்னல் இடுக்கில் காற்று புகுந்து விசிலடிப்பது போல இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னாராம். அப்படிச் சொன்னவர் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். பையன் தொழிலுக்கு வந்த பிறகு, 'ஐந்து வருடம் மேடையில் பாடும் காலம் வரை' வருமானத்தில் கால் பங்கு வாத்தியாருக்கு! படிக்க நியாயமாகத்தானே இருக்கிறது? அங்கேதான் வாத்தியாரின் மூளை. ஐந்து வருடம் என்றால் காலண்டர் வருடம் இல்லை. மேடையேறிப் பாடிய நாட்களை மட்டும் கூட்டி ஐந்து வருடம்! அதாவது 1,825 கச்சேரி நாட்கள். வருடத்துக்கு அறுபது நாள் பாடினாலும் முப்பது வருடம் ஆகும். நடுவே கோர்ட்டு, வக்கீல் என்று அலைந்து, ஒரு தொகையைக் கொடுத்துத்தான் கரூஸோ அந்தக் காகிதத்திலிருந்து தப்பித்தார்.

ராணுவ சேவையிலும் குரல்தான் காப்பாற்றியது. 1894-ல் கட்டாய ராணுவ சேவைக்காக ரியெட்டி என்ற ஊருக்குப் போனார். இவர் பாடியதைக் கேட்ட மேஜருக்கு, இந்தத் தொண்டையைத் துப்பாக்கிப் பயிற்சியில் வீணாக்க மனம் வரவில்லை. அண்ணனுக்கு பதில் தம்பி ஜியோவானி வந்து சேவை செய்யலாம் என்று ஏற்பாடாயிற்று. 45 நாளில் கரூஸோ வெளியே. தம்பி பாவம், உள்ளே!

1895, மார்ச் 15. நேப்பிள்ஸின் சின்னத் தியேட்டர் ஒன்றில் முதல் ஆபரா. அப்புறம் ஊர் ஊராக அலைச்சல். 1897-ல் இசையமைப்பாளர் புச்சினியிடம் பாடிக் காட்டப் போனார். கேட்டு முடித்த புச்சினி, உன்னை என்னிடம் அனுப்பியது யார், கடவுளா என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1900, டிசம்பர் 26-ல் மிலன் நகரின் 'லா ஸ்காலா'வில் மேடையேறினார். கையில் கோலோடு வாத்தியக் குழுவை நடத்தியவர், கோபத்துக்குப் பேர்போன தோஸ்கனீனி. ஆபரா உலகத்தில் இதற்கு மேல் ஒரு வாசல் கிடையாது.

இத்தனையும் முடித்துக் கொண்டு அடுத்த வருடமே சொந்த ஊருக்குத் திரும்பினார். நேப்பிள்ஸின் 'சான் கார்லோ' 1737-ல் திறக்கப்பட்ட அரங்கம். சந்தில் பிறந்த பையன்கள் வெளியே நின்று வேடிக்கை மட்டும் பார்க்கக் கூடிய இடம். அதற்குள் கதாநாயகனாக நுழைகிறார். மனதில் என்னவெல்லாம் ஓடியிருக்கும்!

அந்த அரங்கில் ஒரு வழக்கம் இருந்தது. முன்வரிசைகளை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருக்கும் ரசிகப் பெரிய மனிதர்கள் சில கோஷ்டிகளாக இருந்தார்கள். புதுப் பாடகர் யாராக இருந்தாலும் முதலில் அவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக் கும்பிடு போட வேண்டும். போதாததற்கு, கை தட்டுவதற்கென்றே காசு வாங்கும் கூட்டம் வேறு. கரூஸோ யாரையும் போய்ப் பார்க்கவில்லை. யாருக்கும் காசும் தரவில்லை. லா ஸ்காலாவில் பாடி ஜெயித்தவனுக்கு, அதுவும் சொந்த ஊரில், இதெல்லாம் எதற்கு என்று நினைத்திருக்கலாம்.

1901, டிசம்பர் 30. 'லெலிஸிர் தமோரே' என்ற ஆபரா. தோனிஸெட்டி இசையமைத்தது. காதலியை மயக்குவதற்கு, போலி வைத்தியன் ஒருவனிடம் மலிவான ஒயினை 'காதல் மருந்து' என்று நம்பி வாங்கிக் குடிக்கும் கிராமத்தானின் கதை. கரூஸோ பாடினார். அவர் எதிர்பார்த்த ஆரவாரம் வரவில்லை. 'உஷ்... உஷ்...' என்று சீறினார்கள் என்று ஒரு தரப்பு. இல்லையில்லை, கைதட்டல் பலவீனமாக இருந்தது, அவ்வளவுதான் என்று இன்னொரு தரப்பு. மறுநாள் பத்திரிகை விமர்சனமும் குத்தியது. டெனருக்கு உரிய குரலாக இல்லை, பாரிடோன் மாதிரி கனமாக இருக்கிறதாம்! (அந்தக் கனத்துக்குத்தான் பின்னால் உலகமே காசு கொட்டியது.)

ஒப்புக்கொண்ட நாட்களைப் பாடி முடித்த கரூஸோ ஒரு சபதம் எடுத்தார். இனி நேப்பிள்ஸுக்கு வந்தால் சாப்பிட மட்டும்தான் வருவேன், பாட மாட்டேன். கோபத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சபதம் எடுக்கிறோம். ஆறு மாதத்தில் மறந்தும் விடுகிறோம். இவர் மறக்கவே இல்லை. சாகும் வரை நேப்பிள்ஸ் மேடை எதிலும் ஏறவில்லை!

அந்தக் காயத்தோடு மிலன் திரும்பியவருக்கு நான்கு மாதத்தில் வேறொரு கதவு திறந்தது. கிராமஃபோன் கம்பெனிக்காகக் குரல் பிடிக்க ஊர் ஊராகச் சுற்றிக் கொண்டிருந்த ஃப்ரெட் கைஸ்பெர்க் என்ற அமெரிக்கர் லா ஸ்காலாவில் கரூஸோவைக் கேட்டார். பத்துப் பாட்டுக்கு 100 பவுண்டு என்று பேச்சு. லண்டன் தலைமை அலுவலகத்துக்குத் தந்தி அடித்தால், 'அநியாயத் தொகை. பதிவு செய்யாதே' என்று தடை போட்டு பதில் வந்ததாம். கைஸ்பெர்க் பதிலைப் பார்க்காத மாதிரி இருந்து விட்டார். பின்னாளில் அவரே சொன்ன கதை இது. கொஞ்சம் உப்பு, புளி சேர்த்திருக்கலாம்.

1902, ஏப்ரல் 11. மிலன் கிராண்ட் ஹோட்டல். முந்தைய வருடம் இசை மேதை வெர்டி உயிரை விட்ட அதே ஹோட்டல். அறையில் ஒரு பியானோ, ஒரு தகரக் குழாய். குழாயின் மறுமுனையில் மெல்லிய தகடு, அதில் ஊசி, ஊசிக்குக் கீழே சுழலும் மெழுகுத் தட்டு. பாடுகிறவரின் மூச்சு தகட்டை அதிர வைக்க, ஊசி மெழுகைக் கீறும். மின்சாரத்துக்கு இதில் வேலையே கிடையாது. இசைத்தட்டுப் பதிவுக்கு மின்சார மைக்ரோபோன் வந்தது 1925-ல்தான். கரூஸோ பளபளவென்று உடுத்திக் கொண்டு வந்தார். ஒரே மூச்சில் பத்துப் பாட்டு. 100 பவுண்டை வாங்கிக் கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போய் விட்டார்.

அந்தத் தகரக் குழாய்க்கு ஒரு வியாதி இருந்தது. வயலின் சத்தத்தை விழுங்கி விடும். பெண்களின் உச்சக் குரலைக் கீச்சென்று ஆக்கி விடும். பியானோ, தகர டப்பாவைத் தட்டுவது போலக் கேட்கும். எல்லாக் குரலிலும் கனமான ஆண் டெனர் குரல் ஒன்றுதான் அதில் சேதாரம் இல்லாமல் பதிந்தது. எந்த கனத்தை நேப்பிள்ஸ் குறை சொன்னதோ, அதே கனம்! பெரிய பாடகர்கள் பலரும் அதுவரை கிராமஃபோனைக் குழந்தைகள் பொம்மை என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இந்தப் பத்துத் தட்டுகளைக் கேட்டுவிட்டு ஒவ்வொருவராக வரிசையில் வந்து நின்றார்கள்.

நமக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. அதே கைஸ்பெர்க் அதே வருடக் கடைசியில் கப்பலேறி கல்கத்தா வந்தார். நவம்பரில் ஹோட்டல் அறை ஒன்றில் அதே மாதிரி குழாயை வைத்து ஒரு பெண்மணியைப் பாட வைத்தார். பாட்டு முடிந்ததும் 'மை நேம் இஸ் கவுஹர் ஜான்' என்று அந்த அம்மாள் உரக்கச் சொல்வது இன்றைக்கும் தட்டில் கேட்கிறது. ஜெர்மனியில் தட்டு அச்சடிப்பவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே! மிலனில் கரூஸோ, கல்கத்தாவில் கவுஹர் ஜான்... ஏழே மாத இடைவெளி.

1903, நவம்பர் 23-ல் நியூயார்க்கின் 'மெட்ரோபாலிட்டன் ஆபரா'வில் நுழைந்தார் கரூஸோ. முதல் இரவு சுமாரான வரவேற்புதான். ஆனால் போகப் போக, அந்த அரங்கம் என்றாலே கரூஸோ என்று ஆகிவிட்டது. பதினெட்டு சீஸன்கள். மேடையேறிய தடவைகள் எண்ணூறுக்கும் மேல். அடுத்த ஆண்டு விக்டர் கம்பெனி அவரை வளைத்துப் போட்டது. தட்டு விற்க விற்க அவருக்குப் பங்கு. ஆயுசு முழுவதும் பாடிய தட்டுகள் சுமார் 250. ஆபரா என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளின் முன்னறையில் கரூஸோ பாடினார். சந்தேகமே வேண்டாம், உலகத்தின் முதல் இசைத்தட்டு நட்சத்திரம் அவர்தான்.

இதில் ஒரு வம்பும் சேர்ந்தே வந்தது. முன்பெல்லாம் ஒரு பாடகரை நேரில் கேட்டவர்களுக்கு, போன வருடம் எப்படிப் பாடினார் என்பது ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கும். இப்போது தட்டு இருக்கிறது! நன்றாகப் பாடிய ஒரு நாளின் குரல் வீட்டில் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அதைப் பத்துத் தடவை கேட்டுவிட்டு அரங்குக்கு வருகிறார்கள். ஒவ்வொரு ராத்திரியும் கரூஸோ போட்டி போட வேண்டியிருந்தது அந்தத் தட்டில் இருந்த கரூஸோவோடு. மேடைக்குப் போகும் முன் பயத்தில் நடுங்குவார். சிகரெட்டுக்கு மேல் சிகரெட்டாக ஊதித் தள்ளுவார். ஒரு பாடகர் செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் நரம்புகளை அடக்க அவருக்குத் தெரிந்த வழி அது. மெட்ரோபாலிட்டனில் ஓர் இரவுக்கு 2,500 டாலர் வாங்கினார். இன்னும் அதிகம் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று மறுத்தார். அதிகம் வாங்கினால் அதிகம் எதிர்பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு.

உடனே, எப்போதும் உம்மென்று இருக்கும் ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் நெல்லி மெல்பா என்ற பெரிய பாடகியோடு மேடையில் நிற்கிறார். கதைப்படி, காதலியின் கை குளிரில் சில்லிட்டிருப்பதாக அவர் உருகிப் பாட வேண்டிய கட்டம். கரூஸோ கையைப் பிடித்த வேகத்தில் அதற்குள் சூடான இறைச்சித் துண்டு ஒன்றைத் திணித்து விட்டார்! அந்த அம்மாள் மேடை என்பதையும் மறந்து கையை உதறினாராம். இன்னொரு தடவை, 1913-ல் பிலடெல்பியாவில், கூட நடித்த பாஸ் பாடகருக்கு மேடையிலேயே தொண்டை கட்டிக் கொண்டது. அவருடைய பாட்டை கரூஸோ கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் கொண்டு, கட்டைக் குரலில் தானே பாடி முடித்தார். பலருக்கு ஆள் மாறியதே தெரியவில்லை. கேலிச்சித்திரமும் பிரமாதமாக வரைவார். நியூயார்க்கில் வெளிவந்த 'லா ஃபோலியா' என்ற இத்தாலிய வாரப் பத்திரிகையில் வாராவாரம் படம் போட்டார், அதுவும் இலவசமாக! அதிகம் கிண்டலடித்தது தன் தொப்பையைத்தான்.

1906, ஏப்ரல் 17-ம் தேதி இரவு சான்ஃபிரான்சிஸ்கோவில் பாடிவிட்டு 'பேலஸ் ஹோட்டலில்' படுத்தார். விடியற்காலையில் கட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடியது. அமெரிக்காவின் மிகப் பெரிய பூகம்பங்களில் ஒன்று. ஊரே இடிந்து, மிச்சம் நெருப்பில் எரிந்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புகைப்படத்தை மட்டும் கையில் பிடித்துக் கொண்டு தெருவில் ஓடினார் என்பார்கள். அதே மாதம் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் விசுவியஸ் எரிமலை வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருந்தார்கள். இதற்கு எங்கள் எரிமலையே தேவலை என்று புலம்பியவர், சான்ஃபிரான்சிஸ்கோவுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் புறப்பட்டார். அந்தப் பக்கம் அப்புறம் தலைவைத்துப் படுக்கவில்லை. அடம்பிடிப்பதில் மன்னன்!

அதே வருடம் நவம்பரில் வேறு மாதிரி பூகம்பம். நியூயார்க் மிருகக்காட்சிசாலையில், குரங்குக் கூண்டு அருகே ஒரு பெண்ணிடம் தவறாக நடந்து கொண்டார் என்று போலீஸ்காரர் ஒருவர் கைது செய்தார். புகார் கொடுத்த பெண் கோர்ட்டுக்கே வரவில்லை. ஆனாலும் குற்றவாளி என்று முடிவாகி பத்து டாலர் அபராதம். தண்டனை சின்னதுதான். மானம்? அந்த மாதக் கடைசியில் மெட்ரோபாலிட்டன் மேடையில் நுழையும்போது, மறுபடியும் அந்த 'உஷ்' சத்தம் வருமோ என்று ஆடிப் போயிருந்தார். கைதட்டல்தான் வந்தது. உயிர் வந்தது.

அவருக்கென்றே எழுதியது போல ஒரு வேஷம் உண்டு. 'பல்யாச்சி' என்ற ஆபராவில் வரும் கோமாளி கானியோ. மனைவி வேறொருவனோடு போகப் போகிறாள் என்று தெரிந்துவிடுகிறது. ஆனால் நாடகத்துக்கு மணி அடித்தாயிற்று. கண்ணீரோடு முகத்தில் வெள்ளை மாவைப் பூசிக் கொண்டு ஜனங்களைச் சிரிக்க வைக்கப் போக வேண்டும். அந்தப் பாட்டை மூன்று தடவை தட்டில் பதிந்தார். மூன்றும் சேர்ந்து பத்து லட்சத்தைத் தாண்டியது என்பார்கள்.

1908-ல் அந்தக் கதை அவர் வீட்டிலேயே நடந்தது. அடா ஜியாக்கெத்தி என்ற பாடகியோடு பதினோரு வருடமாகக் குடும்பம் நடத்திக் கொண்டிருந்தார். அடா ஏற்கெனவே திருமணமானவர். அந்நாளைய இத்தாலியில் விவாகரத்து கிடையாது என்பதால் சட்டப்படி கல்யாணம் நடக்கவில்லை. இரண்டு பையன்கள். கரூஸோ வெளிநாடுகளில் பாடிக் கொண்டிருக்க, அடா வீட்டு கார் டிரைவரோடு போய் விட்டார். அடுத்த வருடம் குரல்நாளத்தில் ஆபரேஷன். அதன் பிறகு விஷயம் மிலன் கோர்ட்டில் ஏறி, ஐரோப்பியப் பத்திரிகைகளுக்கெல்லாம் தீனியானது. இத்தனைக்கும் நடுவில் மேடையில் அந்தக் கோமாளி வேஷத்தை அவர் நிறுத்தவே இல்லை. 1910 ஜனவரியில் லீ டி ஃபாரஸ்ட் என்ற விஞ்ஞானி, மெட்ரோபாலிட்டன் கூரையில் ஏரியல் கட்டி முதன்முதலாக ஆபராவை ரேடியோவில் ஒலிபரப்பியபோது காற்றில் போனதும் அந்தக் கோமாளிதான்.

எதைத் தொட்டாலும் பொன்னாகும் என்றாலும், ஒரு இடத்தில் சறுக்கினார். 1918-ல் ஒரு சினிமா கம்பெனி, படத்துக்கு ஒரு லட்சம் டாலர் என்று பேசி அவரை நடிக்க வைத்தது. 'மை கஸின்' என்று படம். படுதோல்வி. ஆகாமல் என்ன செய்யும்? உலகத்தின் தலைசிறந்த குரலை வைத்து அவர்கள் எடுத்தது ஊமைப் படம்!

அதே வருடம் ஆகஸ்டில் டோரதி என்ற அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்து கொண்டார். பெண்ணுக்கு வயது 25, மாப்பிள்ளைக்கு 45. வசதியான குடும்பம், பெண்ணின் அப்பா கடைசி வரை ஒப்புக் கொள்ளவில்லை. 1919 டிசம்பரில் மகள் குளோரியா பிறந்தாள். ஒருவழியாக, கரூஸோவுக்கு வீடு என்று ஒன்று அமைந்தது.

இனி, அந்த ரத்தத் துணிகள். 1920, டிசம்பர் 3. மேடையில் தூண்கள் சரியும் காட்சியில் ஒன்று முதுகில் அடித்து விட்டது. டிசம்பர் 8, கோமாளி வேஷம். இடுப்புக்கு மேல் தாங்க முடியாத வலி. பாட்டு முடிந்து மேடையை விட்டு வந்ததும் சாய்ந்தார். டாக்டர் சாதாரணப் பிடிப்பு என்று சொல்லிப் பட்டை போட்டுவிட்டார். மூன்றாம் நாள்தான் புரூக்ளின். அன்றைக்கு அமைந்த நாடகமும் பாருங்கள், அதே 'லெலிஸிர் தமோரே'! பத்தொன்பது வருடம் முன்பு எந்த வேஷத்தில் சொந்த ஊர் அவரை அவமானப்படுத்தியதோ, அதே கிராமத்தான் வேஷம். இதே வேஷத்தைப் போட்டு நியூயார்க்கில் எத்தனையோ தடவை கைதட்டல் வாங்கியாயிற்று. ஆனாலும் பாதியில் இறங்கிப் போக அவரால் முடியவில்லை. பாடாமல் நின்றால் அரங்கத்தில் விழும் அந்த ஒரு நிமிட மௌனம் எப்படி இருக்கும் என்று நேப்பிள்ஸில் தெரிந்து கொண்டவர் அவர். அதைவிட ரத்தம் தேவலை என்று தோன்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்போதும் ஓயவில்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் பாடினார். டிசம்பர் 24-ல், 'லா ஜுவீ' ஆபராவில் கிழட்டு யூதர் வேஷம். அதுதான் கடைசி. மறுநாள் கிறிஸ்துமஸ். குளித்துக் கொண்டிருந்தவர் வலியில் போட்ட அலறல் ஹோட்டல் நடைபாதை முழுவதும் கேட்டது. நுரையீரலைச் சுற்றிச் சீழ். அடுத்தடுத்து ஆபரேஷன்கள். விலா எலும்பில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பெனிஸிலின் வருவதற்கு இருபது வருடம் முந்தைய காலம். கத்தியை விட்டால் வேறு வைத்தியம் இல்லை.

1921 மே மாதக் கடைசியில் மனைவி, குழந்தையோடு இத்தாலிக்குக் கப்பலேறினார். நேப்பிள்ஸுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஸொரெண்டோவில், கடலைப் பார்த்த 'ஹோட்டல் விட்டோரியா'வில் தங்கினார். ஒருநாள், பாடிக் காட்டுவதற்காக ஒரு பையன் வந்தான். பக்கத்து அறையில் டோரதி. பையன் சுமாராகப் பாடுவது கேட்கிறது. திடீரென்று வேறொரு குரல்... தெளிவாக, முழுசாக! ஓடிப் போய்ப் பார்த்தால், எப்படிப் பாட வேண்டும் என்று பையனுக்குக் காட்டுவதற்காக கரூஸோ பாடிக் கொண்டிருக்கிறார். பாடி முடித்துவிட்டு, குரல் போகவில்லை, இன்னும் இருக்கிறது என்று குழந்தை மாதிரி குதித்தாராம். டோரதி எழுதிய புத்தகத்தில் படிக்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கும் இடம் இது.

ஜூலைக் கடைசியில் காய்ச்சல் ஏறியது. ரோமிலிருந்து வந்து பார்த்த டாக்டர்கள், இடது சிறுநீரகத்தை எடுத்தாக வேண்டும், உடனே ரோமுக்கு வரட்டும் என்றார்கள். ரோமுக்கு வழி நேப்பிள்ஸ் வழியாகத்தான். அங்கே போய்ச் சேரும்போதே நிலைமை மோசமாகிவிட, கடற்கரையில் இருந்த 'வெஸுவியோ' ஹோட்டலில் இறக்கினார்கள். ரோமுக்குப் போகவே இல்லை. 1921, ஆகஸ்ட் 2-ம் தேதி காலை, எந்த ஊரில் வாயைத் திறந்து பாட மாட்டேன் என்று சபதம் எடுத்தாரோ, அந்த ஊரிலேயே உயிர் பிரிந்தது. வயது 48. வெர்ஜினே வாத்தியாரின் ஒப்பந்தம் நீடித்திருந்தால் அன்றைக்கும் பாக்கி இருந்திருக்கும்!

ராஜ குடும்பத்துக்கு உரிய சான் ஃபிரான்செஸ்கோ தி பாவ்லா தேவாலயத்தை இத்தாலிய மன்னர் இறுதிச் சடங்குக்காகத் திறந்துவிடச் சொன்னார். தெருவெல்லாம் ஜனம். கடைகள் மூடிக் கிடந்தன. அந்த தேவாலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கிறது சான் கார்லோ அரங்கம்.

குரலின் கதை அத்தோடு முடியவில்லை. 1932-ல் விக்டர் கம்பெனி, இறந்து பதினொரு வருடமான கரூஸோவின் பழைய தட்டுகளை ஓடவிட்டு, புது வாத்தியக் குழுவை அவருக்குப் பக்கவாத்தியமாக வாசிக்க வைத்துப் புதுத் தட்டுகள் போட்டது. 1970-களில் தாமஸ் ஸ்டாக்ஹாம் என்ற அமெரிக்க விஞ்ஞானி, தகரக் குழாயின் இரைச்சலை கம்ப்யூட்டரால் வடிகட்ட முடியுமா என்று பார்த்தபோது, சோதனைக்கு எடுத்துக் கொண்டதும் கரூஸோவின் தட்டுகளைத்தான். அந்த இசைத்தட்டு 1976-ல் கடைக்கு வந்தது.

உடம்பின் கதைதான் கொஞ்சம் சங்கடமானது. கெடாமல் பதப்படுத்தி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, நேப்பிள்ஸ் கல்லறைத் தோட்டத்தில் பார்வைக்கு விட்டுவிட்டார்கள். நேரில் ஒரு பாட்டுகூடக் கேட்டிராத ஊர் ஜனங்களும், வெளியூர் சுற்றுலாப் பயணிகளும் வரிசையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பல வருடங்கள் இப்படியே. டோரதிக்குப் பொறுக்கவில்லை. அதிகாரிகளுக்கு எழுதி எழுதி மன்றாடினார். கடைசியில் பெட்டியின் மேல் ஒரு கற்பலகையை வைத்து மூடினார்கள்.